மூக்குத் தண்டு வளைவு: ஆபரேஷன் செய்தால் வாசனை திரும்புமா?

காவேரிப்பட்டணத்தான்:
மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசனில் லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் இறங்கும், புளித்ததை முகர்ந்து பார்த்துத்தான் ஒதுக்குவோம், இப்போது பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது. இடது மூக்கு எப்போதும் அடைப்பு. கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர், இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவே இருக்கிற தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். வாசனை வருமா என்றால் "பார்க்கலாம்" என்கிறார். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு ராஜா:
நான் செய்துகொண்டேன். உள்பக்கமாகவே செய்வதால் வெளியே தழும்பு கிடையாது. அடைப்பு போச்சு, ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் நின்றது. வாசனையில் பெரிய மாற்றம் இல்லை. மூச்சுக்காக என்றால் தாராளமாகச் செய்யலாம் அண்ணா, வாசனைக்காக மட்டும் என்றால் யோசியுங்கள்.

தர்மபுரி நர்ஸ்:
டாக்டர் "பார்க்கலாம்" என்றதில் தப்பில்லை சார். வாசனை நரம்பு மூக்கின் உச்சியில் இருக்கிறது, காற்று அங்கே போய்ச் சேர்ந்தால்தான் மணம் தெரியும், வளைவு அந்த வழியை அடைத்திருந்தால் சரி செய்தபின் கொஞ்சம் தேறலாம். ஆனால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் முகருமே? இரண்டிலும் தெரியவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: மூக்கில் சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ், வைரஸ் காய்ச்சல், தலையில் அடி. எண்டோஸ்கோப்பி பார்த்தார்களா? சிடி ஸ்கேன்? அப்புறம் மெடிக்கலில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள், அதுவே அடைப்பை அதிகமாக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
ஸ்கேன் எடுக்கவில்லை மேடம். 2021ல் கொரோனா வந்தபோது வாசனை சுத்தமாகப் போய், பாதிதான் திரும்பியது. அடைப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு.

தர்மபுரி நர்ஸ்:
இதை முதலில் சொல்லியிருக்கலாமே! டாக்டரிடமும் சொல்லுங்கள். நரம்பு பாதித்திருந்தால் தண்டை நேராக்கினாலும் அது சரியாகாது.

ஓசூர்க்காரி:
எனக்கும் கொரோனாவுக்குப் பிறகு இதே கதை. முகர்ந்து பழகும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் இருபது வினாடி போல, அந்த மணத்தை மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் ஏதாவது தெரியும், எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ரோஜாவுக்கா பஞ்சம்! எனக்குக் கிராம்பு முதலில் வந்தது, ரோஜா இன்னும் மங்கல்தான். வீட்டில் கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது அண்ணா, ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள்.