பணியிடைக் கல்வியா, துறையிடைக் கல்வியா? இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷனுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களைச் சேர்ந்து வேலை செய்யப் பழக்கும் இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷனுக்கு நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் 'பணியிடைக் கல்வி' என்று இருக்கிறது. இது ஓடாது. வேலையில் இருப்பவருக்குத் தரும் பயிற்சிக்குப் 'பணியிடைப் பயிற்சி' என்ற பெயர் தமிழ்நாட்டில் என்றோ நிலைத்துவிட்டது. 'தொழிலிடைக் கல்வி' என்றால் தொழிற்கல்வியும் ஐடிஐயும்தான் நினைவுக்கு வரும். 'இடை'யை முன்னே போட்டால் இன்னும் மோசம்: இடைத்தேர்தல், இடைக்காலம் என்ற வரிசையில் 'இடைத்தொழில்' என்பது நல்ல வேலை கிடைக்கும்வரை பார்க்கும் வேலை ஆகிவிடும்.

'துறையிடைக் கல்வி' என்றே வைத்துக்கொள்ளலாமா?

மு.

—

மு. அவர்களுக்கு,

'துறையிடை' இன்டர்டிசிப்ளினரிக்குப் போய்விட்டது. அங்கே கலப்பவை பாடங்கள். ஒருவரே தனியாக உட்கார்ந்து துறையிடை ஆய்வு செய்யலாம். இங்கே கலப்பவர்கள் ஆட்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 செயற்சட்டகம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது என்கிறது. மூன்றும் வேண்டும். 200 பேரை ஒரே அரங்கில் அமர்த்தி உடற்கூறியல் நடத்தினால் 'ஒருவரோடு ஒருவர்' மட்டும்தான் நடக்கிறது, அது மல்ட்டிபுரொஃபஷனல். ஆகவே 'உடன்கற்றல்', 'கூட்டுக் கல்வி' இரண்டும் எனக்கு ஒப்பில்லை.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் எதைத் தாங்கவேண்டும் என்பது தெரியும். ஒரு குழுவுக்கு 8 பேர், துறைக்கு இருவர். அவர்களுக்குக் கொடுக்கும் நோயாளி: பக்கவாதம் வந்து வீடு திரும்பும் 68 வயதுக்காரர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர். ஒவ்வொரு துறைக்கும் வேறு சீட்டு. மருத்துவ மாணவர் கையில் டிஸ்சார்ஜ் விவரம். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிடுகிறார் என்பது மருந்தியல் சீட்டில். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வீடு இரண்டாம் மாடி, இன்னும் நான்கு படி ஏறுவதற்கே ஆள் பிடிக்கவேண்டும் என்பது இயன்முறைச் சீட்டில். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனைவிக்கு எழுத்து தெரியாது என்பது செவிலியச் சீட்டில். 15 நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பும் திட்டம் எழுதவேண்டும். பிறகு 30 நிமிடமாவது அதைப் பிரித்துப் பேசவேண்டும்.

நான்கு சீட்டிலும் ஒரே தகவலைக் கொடுத்தால் மருத்துவ மாணவரே எழுதி முடித்துவிடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மருத்துவம் 5, மற்றவை ஒவ்வொன்று என்று பிரித்தாலும் அதே கதி. நடத்துபவர் இருவரும் டாக்டர்களாக இருந்தால் செவிலிய மாணவி வாய் திறக்கமாட்டார். மதிப்பெண் இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் பாதி நாற்காலி காலி. எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு மதியம் கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கால அட்டவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே பூட்டவேண்டும்.

செ.

—

வணக்கம்.

இலங்கையில் புரொஃபஷனுக்கு 'வாண்மை' கைவசம் உள்ளது; 'வாண்மை விருத்தி' ஆசிரியர்களிடையே அன்றாடச் சொல். எனவே 'வாண்மையிடைக் கல்வி' எங்களுக்கு இயல்பு.

சொல் வகுப்பறைக்கு வெளியிலும் நிற்கவேண்டும். சுவீடனின் லின்ஷோப்பிங்கில் 1986 முதல் இக்கல்வி உண்டு. 1996இல் அங்கே எலும்பியல் பிரிவில் மாணவர்களே மேற்பார்வையோடு நோயாளரைக் கவனிக்கும் பயிற்சி வார்டு தொடங்கினார்கள். எங்கள் வழக்கில் வார்டு 'விடுதி'. 'வாண்மையிடைப் பயிற்சி விடுதி' என்று நான் எழுதினால் தமிழ்நாட்டார் ஹாஸ்டலைத் தேடுவார்கள் என்பதும் தெரியும்!

க.

—

க. அவர்களுக்கு, 'வாண்மை' நல்ல சொல். ஆனால் இங்குள்ள மாணவருக்கு அதற்கே தனியாக ஒரு விளக்கம் தரவேண்டியிருக்கும்.

செ. சொன்ன 'ஆட்கள்' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். துறை அல்ல, துறையினர். 'துறையினரிடைக் கல்வி'. ஓர் 'இனர்' சேர்த்ததும் துறையிடையிலிருந்து பிரிந்துவிடுகிறது. மல்ட்டிபுரொஃபஷனலுக்குப் 'பல்துறையினர் கல்வி'. வழிச்சொற்களும் வருகின்றன: துறையினரிடைக் குழு, துறையினரிடைத் தொடர்பாடல். நோயாளியின் நிலையைச் சக பணியாளரிடம் நான்கு படியில் சொல்லும் எஸ்பார் முறையைக் கற்பிக்கும் தாளில் போட்டுப் பார்த்தேன், முரண்டு பிடிக்கவில்லை: 'துறையினரிடைத் தொடர்பாடல்: நிலை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை'.

இந்திய மருத்துவக் கல்வியின் 2019 பாடத்திட்டம் மாணவரைக் குழுவின் தலைவராக மட்டுமன்றி உறுப்பினராகவும் ஆக்கச் சொல்கிறது. அந்த 'உறுப்பினர்' பாதிக்கும் இச்சொல் பொருந்தும்.

மு.

—

மு. அவர்களுக்கு,

நீளம்தான் குறை, ஆறு எழுத்து முன்னொட்டு. ஆனாலும் ஏற்கிறேன். க. அவர்களின் 'வாண்மையிடை'யை இலங்கை வழக்கு என்று குறித்து அதே பதிவில் சேர்த்துவிடுங்கள். தனிப் பதிவானால் இரண்டும் வேறு பொருள் என்று நினைப்பார்கள்.

டிப்ரீஃபிங்குக்குப் பட்டியலில் இருக்கும் 'விளக்கக் கூட்டம்' தவறு. அது பயிற்சிக்கு முன் நடப்பது. பயிற்சி முடிந்தபின் மாணவர்களே பேசுவதற்குப் 'பின்னுரையாடல்' எனலாமா? 'பின்னாய்வு' என்றால் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள் என்று மாணவர் வாய் மூடிவிடும்.

செ.