பொருள்: கதவடியில் வரும் ‘டிராப்’புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (எழுதுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்)

செந்தூல், கட்டுமான மேற்பார்வையாளர்:

வணக்கம். மலேசிய வீட்டுப் புதுப்பிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ஓரிடத்தில் நிற்கிறோம். வீட்டின் பின்புறம் புதிதாகத் தளம் போட்டு மோசேக் (தரை ஓடு) ஒட்டுகிறார்கள். உள்தரையைவிட அதைத் தாழ்த்திப் போட வேண்டும். இல்லையென்றால் மழைநீர் கதவடி வழியே உள்ளே வரும். இந்தத் தாழ்வுக்கு வேலையிடத்தில் ‘டிராப்’ என்கிறார்கள். ‘நிலைத்தாழ்வு’ என்று வைக்கலாமா? கதவு நிலையின் அடியிலிருந்து தளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பழைய சிமெண்டுத் தரை உள்தரைக்கு 150 மி.மீ. கீழே இருக்கிறது. அதன்மேல் 100 மி.மீ. கான்கிரீட், 40 பூச்சு, 5 பசை, 10 மோசேக். மொத்தம் 155. புதுத்தளம் உள்தரையைவிட 5 மி.மீ. உயர்ந்துவிடுகிறது. வேலையை எடுத்த குத்தகையாளர் ஒவ்வொரு அடுக்கையும் சரியாகத்தான் போட்டிருப்பார்; கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

பட்டர்வொர்த், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

‘நிலைத்தாழ்வு’ வேண்டாம் ஐயா. படிப்பவருக்கு ஒருவருடைய நிலைமை தாழ்ந்ததாகத்தான் தோன்றும். ‘வாயில்தாழ்’ என்று மாற்றலாம் என்றால் அதுவும் தகராறு: ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்’. கதவருகே ‘தாழ்’ வந்தாலே தாழ்ப்பாள்தான்.

‘இறக்கம்’ எப்படி? ‘படியிறக்கம்’ என்றால் இன்னும் தெளிவு.

அந்தப் புதுத்தளத்துக்கும் சொல் வேண்டும். ‘டெரஸ்’ என்றால் நம் ஊரில் வரிசை வீடு, தமிழ்நாட்டில் மொட்டைமாடி. ‘திண்ணை’ உட்காருவதற்காக உயர்த்திக் கட்டுவது. இங்கே நேர்மாறாக வேண்டும். ‘வெளித்தளம்’ போதும்.

ஆயர் ஈத்தாம், கட்டட வரைவாளர்:

ஆசிரியர் ஐயா, ‘வெளித்தளம்’ எனக்குச் சம்மதம். ‘இறக்கம்’ தனியாக நின்றால் சரிவோடு குழம்பும். தளத்தில் தண்ணீர் ஓடக் கொடுக்கும் சரிவுக்குத் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். வாட்டம் சாய்வு, படியிறக்கம் ஒரே வெட்டில் வரும் தாழ்வு. இரண்டும் வேறு, ஆனால் ஒன்று மற்றதைத் தின்னும்.

செந்தூல் ஐயாவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தரை வெடிப்பில்லாமல் உறுதியாக இருந்தால் அதன்மேல் புதுக் கான்கிரீட் எதற்கு? மேற்பரப்பைக் கொத்தி, சிமெண்டுப்பால் தடவி, பூச்சை மட்டும் போடலாம். வெளித்தளம் 3 மீட்டர் அகலம், வாட்டம் 80-க்கு 1 என்றால் சரிவு 37.5 மி.மீ. வெளி ஓரத்தில் பூச்சு 40 என்றால் கதவடியில் ஏறக்குறைய 78. பசையும் மோசேக்கும் 15. ஆக 93. படியிறக்கம் 57 மி.மீ. மிஞ்சுகிறது. 50-க்குக் குறையாமல் இருந்தால் நான் ஒப்புக்கொள்வேன்.

செந்தூல்:

‘படியிறக்கம்’ ஏற்கிறேன் அம்மா. ஆனால் சமையலறைக் கதவை மறந்துவிட்டீர்கள். பல வீடுகளில் சமையலறை கூடத்தைவிட 25 மி.மீ. தாழ்ந்திருக்கும். அந்தக் கதவில் உங்கள் 57 வெறும் 32 ஆகிறது. வாட்டத்தை 100-க்கு 1 என்று குறைத்தாலும் 40-தான். ஒரே வெளித்தளத்துக்கு இரண்டு மூன்று கதவுகள் திறந்தால் அவற்றில் தாழ்ந்ததுதான் மட்டத்தைத் தீர்மானிக்கும். அதற்கு ‘ஆளும் கதவு’ என்று பெயர் வைக்கலாம்.

அளக்காமல் இது தெரியாது. சுவரைச் சுற்றி உள்தரைக்கு 1 மீட்டர் மேலே ஒரு கோடு அடித்து, ஒவ்வொரு கதவிலும் நிலையின் இரு கால்களிலும் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். தண்ணீர் டியூப்பில் மட்டம் எடுப்பவர்கள் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். ஒரு குமிழி போதும், கோடு முழுக்கப் பொய்.

இன்னொன்று. நாம் ‘டிராப்’ என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். வேண்டுமென்றே கொடுப்பது படியிறக்கம். தவறிப்போய் வருவது, அந்த 5 மி.மீ. உயர்வு மாதிரி, அதற்கு என்ன பெயர்?

பட்டர்வொர்த்:

‘மட்டப்பிசகு’. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் நடந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு கடைக்காரர் தரையை உயர்த்தி மோசேக் போட்டிருப்பார், அடுத்தவர் பழைய தரையை அப்படியே விட்டிருப்பார். எல்லையில் கால் இடறும்.

ஆயர் ஈத்தாம்:

‘பிசகு’ பேச்சுவழக்காகத் தொனிக்கிறது. வரைபடத்தில் ‘மட்டமுரண்’ என்று எழுதலாமே?

செந்தூல்:

‘முரண்’ என்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் கேட்கிறது. இங்கே ஒரு பக்கம் தப்பு. பிசகுதான் பிசகு.

சறுக்குக் கதவைப் பாருங்கள். அலுமினியத் தண்டவாளத்தின் வெளிமுகத்தில் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். தண்டவாளத்தில் விழும் மழைநீர் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். மோசேக் அதுவரை ஏறினால் துளைகள் அடைபடும். தண்ணீர் தண்டவாளத்தில் நிரம்பிக் கூடத்துக்குள் வழியும். பிறகு ‘ஒழுகுது’ என்று சிலிகான் பூசுவார்கள், மிச்சம் இருந்த துளையும் போச்சு. அந்தத் துளைக்கு ‘வடிதுளை’ என்று போடலாம். மோசேக் ஒட்டுமுன் தண்டவாளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் கொட்டவில்லையென்றால் வேலையை நிறுத்துங்கள்.

வெளியே திறக்கும் கிரில் கதவிலும் இதே கதை. அடியில் 10 மி.மீ. இடைவெளிதான் விட்டிருப்பார்கள். தரை உயர்ந்ததும் உராயும். அடிச்சட்டத்தை வெட்டி மேலேற்றிப் பற்றவைக்கலாம். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துத்தநாகச் சாயம் அடிக்காவிட்டால் அங்கிருந்தே துரு பிடிக்கும். மரக்கதவை அடியில் இழைக்கலாம், ஆனால் உள்ளே வெற்றான பலகைக் கதவில் அடிச்சட்டம் ஒல்லியாகத்தான் இருக்கும். அதைத் தாண்டினால் உள்கூடு வெளியே தெரியும். தீத்தடுப்புக் கதவில் கைவைக்கவே கூடாது.

ஆயர் ஈத்தாம்:

சரி, ‘மட்டப்பிசகு’ இருக்கட்டும். மரநிலையின் கால் புதுத் தளத்துக்குள் புதைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் ஈரம், பிறகு கரையான்.

திருத்தும் வழிக்கும் பெயர் வேண்டும். செந்தூல் ஐயாவின் சமையலறைக் கதவுக்கு முன்னால் தரையை வெட்டி, 100 மி.மீ. அகலத்தில் வாய்க்கால் எடுத்து, மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிமூடி வைக்கலாம். மூடி கதவடிக்குச் சமமாக இருந்தாலும் தண்ணீர் தாண்டாது. சக்கர நாற்காலியும் இடறாது. பினாங்கில் கடற்கரைப் பக்கமென்றால் 304 தர எஃகு வேண்டாம், 316 தரம் வாங்குங்கள். வாய்க்கால் நீளம் கதவைவிட இரு பக்கமும் 100 மி.மீ. கூட இருக்கட்டும். வெளியேறும் குழாய் 75 மி.மீ.; 50 போட்டால் இலை அடைக்கும். அதைக் கூரைநீர்க் குழாயோடு சேர்க்காதீர்கள், அடைமழையில் எதிர்த்து வரும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பங்கு மாலை இடிமழையாகக் கொட்டுகிறது. ‘வாசல்வாய்க்கால்’ என்று எழுதியிருக்கிறேன்.

பட்டர்வொர்த்:

‘வாய்க்கால்’ வயலுக்குப் போகும் அம்மா. ‘லொங்காங்’ என்று எழுதினால் இங்கே எல்லோருக்கும் புரியும், ஆனால் அது தெருவோரத்துப் பெரிய சாக்கடையாகிவிடும். ‘வாசல்வடிகால்’?

ஆயர் ஈத்தாம்:

வடிதுளை, வாசல்வடிகால். ஒரே வேர், நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.

செந்தூல்:

வடிகால் வெட்ட இடமில்லாதவர்கள் நிலையைக் கழற்றி அடியில் 100 மி.மீ. கான்கிரீட் வரம்பு எழுப்புகிறார்கள். 2,100 வாசல் 2,000 ஆகும்; உயரமானவர் தலை குனிய வேண்டிவரும். கடைசி வழியாக மட்டும் போடுங்கள். படியிறக்கம் மிகுந்துபோனால் இடையில் ஒரு படி வைக்கலாம். 1984 ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்களில் மாடிப்படிக்குச் சொன்ன அளவையே பின்பற்றலாம்: உயரம் 180 மி.மீ.க்கு மேல் கூடாது, மிதி 255-க்குக் குறையக் கூடாது.

வெளித்தளம் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் 10 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக்கயிறு வைத்து நெகிழ்பசை அடைப்பதையும் எழுத வேண்டும். நிரப்பு மண்மேல் உட்கார்ந்த தளம் இறங்கும், வீடு இறங்காது. அந்த இடைவெளிக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘விலகிடை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா என்ன சொல்கிறீர்கள்?