ஆவணில ஜாதகம் வெளிய போகுது, இவன் இன்னும் பிடி குடுக்கல, என்ன பண்றது?

மக்களே அனானிமஸா போடுறேன், கொஞ்சம் அட்வைஸ் வேணும். எனக்கு 27, ஓஎம்ஆர்ல ஐடி வேலை. டேட்டிங் ஆப்ல மேட்ச் ஆன பையன், போன வருஷத்துலேர்ந்து பழகுறோம், பெசன்ட் நகர் பீச்சுக்கு வாராவாரம் போறோம், அவன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஆனா நாம என்னடா இப்போன்னு கேட்டா "ஃப்ளோல போகட்டும்"ங்கிறான். எனக்கு ஜுரம்னா ராத்திரி இட்லி பார்சலோட வந்து நிக்கிறதும் இவன்தான், அப்புறம் நாலு நாள் ப்ளூ டிக்கோட கம்முனு இருக்கிறதும் இவன்தான்.

இப்ப ஆடி முடியப்போகுது, ஆவணி பொறந்ததும் ஜாதகத்தை வெளிய எடுக்கிறேன்னு அம்மா சொல்லிட்டாங்க, மேட்ரிமோனில ஃபோட்டோ கூட போட்டாச்சு (என்னைக் கேக்காமதான், வேற எப்படி). இவன்கிட்ட சொன்னா "ப்ரஷர் பண்ணாத"ங்கிறான். வேற ஜாதி, வீட்ல பெரிய சண்டையாகும், போடலாம், ஆனா இவன் கூட நிப்பானான்னே தெரியாம எப்படிப் போடுறது?

இப்படி இருந்தவங்க சொல்லுங்க, டெட்லைன் குடுத்தீங்களா, குடுத்தா நிக்கிறாங்களா ஓடுறாங்களா? பசங்களும் உண்மையைச் சொல்லுங்கப்பா, நிஜமாவே பயமா இல்ல வேற நல்லதா மாட்டுமான்னு வெயிட்டிங்கா? "விட்டுத் தள்ளு"ன்னு மட்டும் கமெண்ட் போடாதீங்க, அதை ரூம்மேட் தினமும் சொல்றா.