மங்கோலிய அங்கி தைத்தவர்கள், போட்டவர்கள்: உங்க அனுபவம் சொல்லுங்க

ஊசிக்காரி:
தேல், அதான் மங்கோலிய நீள அங்கி, தைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்து வெட்டுதான் வேணும்னு இப்போ வழக்கத்துல இருக்கிற நின்ன காலரை விட்டுட்டு, மார்பில் குறுக்கே விழற கழுத்தா வெட்டினேன். மங்கோலியாவோட நாதம் விழாவுக்குத் தலைநகர் உலான்பாத்தர்ல போட்டுக்கிட்டுப் போனா, வரிசையில எனக்குப் பின்னாடி நின்ன பாட்டி ஒண்ணும் பேசல. கச்சையை அவிழ்த்தாங்க. வலது மடிப்பை உள்ளே தள்ளி, இடதை மேலே இழுத்து, வலப்பக்கம் சேர்த்துக் கட்டிவிட்டாங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குச் செய்யற மாதிரி. இடது மடிப்பை நான் குட்டையா வெட்டியிருந்தேன், முடிச்சு எட்டல, கச்சைதான் தாங்குச்சு. நான் பார்த்து வெட்டின படம் கண்ணாடி முன்னாடி எடுத்த செல்ஃபி, இடம் வலமா தெரிஞ்சிருக்கு! இத்தனைக்கும் 1250கள்ல மங்கோலியர்கிட்ட போன ருப்ருக் பாதிரியார் எழுதினதைப் படிச்சிருக்கேன்: துருக்கியர் இடப்பக்கம் கட்டுவாங்க, தாத்தாரியர் (மங்கோலியரை அவர் சொல்ற பேர்) எப்பவும் வலப்பக்கம்.

குதிரைவால்:
எனக்கு பொக்தா, மங்கோலிய அரசிகள் வச்ச உயரமான தொப்பி. தைபே அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கிற, குப்ளாய் மனைவி சாபி அரசி ஓவியத்தைப் பார்த்து ஒண்ணரை அடிக்கு அட்டையில செஞ்சு, சிவப்புப் பட்டு சுத்தி, மகளுக்கு வச்சேன். மேடையில அவ குனிஞ்சு வணக்கம் சொன்னா, பொக்தா முன்வரிசை மடியில. ஊசிக்காரி சொல்ற அதே பாதிரியார்தான் காரணத்தையும் எழுதியிருக்கார்: பின்முடியை உச்சிக்கு அள்ளி முடிஞ்சு, அதுமேல பொக்தாவைக் கவிழ்த்து, தொண்டைக்குக் கீழே இறுக்கிக் கட்டணும். மகளுக்கு பாப் கட்.

சரிகை:
ஊசிக்காரி, செல்ஃபி மேல பழி போடாதீங்க. கழுத்தை மாத்தினா மட்டும் யுவான் காலம் (சீனாவுல குப்ளாய் வம்ச ஆட்சி) வந்துடாது. இடுப்புல வரிவரியா பின்னல் கயிறு தைச்சு, அதுக்குக் கீழே நெருக்கமா கொசுவம் வைக்கணும். குதிரைமேல உட்கார்ந்தா தொடை இறுகாது. தொப்பிக்கு முன் விளிம்பும் வைங்க. வெயில் கண்ணு கூசுதுன்னு குப்ளாய் சொல்ல, சாபிதான் அதைச் சேர்த்தாங்கன்னு யுவான் வம்ச வரலாறே சொல்லுது. தங்க நசீஜ் துணிக்குப் பதிலா பட்டுப்புடவையை வெட்டவே வெட்டாதீங்க, நம்ம சரிகை உலோகக் கம்பி. அவங்க தோல் இல்லேன்னா காகிதத்துல தங்கத்தகடு ஒட்டி, கீத்தா நறுக்கி நெய்வாங்க, மினுமினுப்பே வேற. (நான் பாலியஸ்டர் ஜரிகைத் துணியில தைச்சு இஸ்திரிப் பெட்டியில பொசுக்கினவன்.)

ஊசிக்காரி:
அண்ணா, இடுப்பைப் பத்தி நான் கேட்கவே இல்லையே. குதிரைவால் அக்கா, அட்டைக்குப் பதிலா மரப்பட்டையில செய்யலாமா?

குதிரைவால்:
அசலே பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டைதான். பூஜைக் கடையில பூர்ஜபத்ரம்னு கேட்டேன். அப்பளம் மாதிரி மெல்லிசு, ரெண்டாவது மடிப்புலயே கிழிஞ்சுது.