முரசோரத்து வெண்புள்ளி: சூத்தையின் தொடக்கமா, கிணற்றுத் தண்ணீரின் கறையா?

செட்டிகுளத்திலிருந்து ஒரு தாய்:
என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய மேல் முன்பற்களில், முரசோரமாக, சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல இரண்டு வெண்புள்ளிகள் தெரிகின்றன. நாங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள். என் பற்களிலும் மண்ணிறக் கோடுகள் உண்டு. ஒரு வைத்தியர் துளையிட்டு அடைக்கலாம் என்கிறார். இன்னொருவர் நீல ஒளியில் படமெடுத்துப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும் என்கிறார். அந்தப் படம் எதைக் காட்டும்? பல்லின் கடினமான வெளிப்படையான மிளிரி சீராகி வருவதையும் அதில் காண முடியுமா?

பல் வைத்தியர், வவுனியா:
துளையிட அவசரப்பட வேண்டாம். மிளிரியின் நிறையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிப்பொருள். அமிலம் கூடி, பல்லைச் சூழ்ந்த பீஎச் பெறுமானம் 5.5 அளவுக்குக் கீழே இறங்கும்போது அது கரையத் தொடங்குகிறது. மேற்பரப்பு உடையாமல் உள்ளே நுண்துளைகள் மட்டும் விழுந்த கட்டத்தில், உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் புளோரைட்டின் துணையோடு இழந்ததில் ஒரு பகுதியை மீளப் படியச் செய்யும். 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாநீல ஒளியில் நலமான பல் பச்சையாக ஒளிரும். கனிப்பொருள் குறைந்த இடம் ஒளியைச் சிதறடிப்பதால் கருமையாக விழும். நாட்பட்ட அழுக்கிலுள்ள பற்றீரியாக்களின் போபிரின் என்னும் நிறப்பொருள் சிவப்பாகத் தெரியும். அக்கருமையைக் கணினி எண்ணாக அளந்து தரும். சில மாதங்களின் பின் அதே கோணத்தில், அதே அளவு உலர்த்தி எடுத்த படத்தில் அந்த எண் குறைந்திருந்தால்தான் சீராகிறது என்று சொல்லலாம். ஒரே படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர், முல்லைத்தீவு:
வன்னியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புளோரைட்டு மிகுந்த தண்ணீரால் கறைபட்ட மிளிரியும் நுண்துளை கொண்டதே. ஆகையால் அதுவும் அந்த ஒளியில் கருமையாகவே விழும். இரண்டையும் பிரித்தறிய வேண்டியது கண்தான். தண்ணீர்க் கறை இடம் வலம் ஒத்து, பல்லுக்குக் குறுக்கே மெல்லிய கோடுகளாக, எல்லை மங்கிக் கிடக்கும். சூத்தையின் புள்ளி அழுக்குத் தேங்கும் இடத்தில் அமைந்து, எல்லை தெளிந்திருக்கும். பல்லைத் துப்புரவாக்கி 5 செக்கன் காற்றுப் பாய்ச்சினால், ஈரத்தில் மறைந்திருந்த புள்ளியும் வெளிப்படும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் முறிவுச்சுட்டி மிளிரிக்கு 1.62, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1 என்பதால், துளைகளில் நீர் போய்க் காற்று புகுந்ததும் வேறுபாடு கூடிவிடுகிறது. ஈரத்திலேயே தெரியும் புள்ளி, அதைவிட ஆழமானது. கூர்முனையால் மட்டும் யாரையும் குத்திப் பார்க்க விடாதீர்கள். மெல்லிய மேற்பரப்பு உடைந்தால் மீளப் படிவதற்கு வழியில்லை.

செட்டிகுளத்திலிருந்து ஒரு தாய்:
பஞ்சால் துடைத்துக் கைவிளக்கில் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் வலப்பக்கப் பல்லில் மட்டுமே உள்ளன, ஈரத்திலும் தெரிகின்றன. தண்ணீரிலேயே புளோரைட்டு இருக்கும்போது, பற்பசையிலும் அது வேண்டுமா?

பல் வைத்தியர், வவுனியா:
வேண்டும். முளைத்துவிட்ட பல்லில் பசையின் புளோரைட்டால் புதிதாகக் கறை ஏறாது. முரசுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களுக்கே கவனம் தேவை. எனவே பட்டாணி அளவு பசை போதும். விழுங்காமல் துப்பச் செய்யுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூத்தையின் தொடக்கம் போலவே இருக்கிறது. இந்த மாதமே முதற்படத்தை எடுத்து வையுங்கள்.