சைகோனில் மதுரை வீரன்

வியட்நாம் என்றாலே ஹனோய், ஹா லாங் படகு என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் போனது தெற்கே, சைகோனுக்கு. 1976லேயே ஹோ சி மின் நகரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் சைகோன்தான். கூடப் படித்த நண்பனும் அவன் மனைவியும் வேலை விஷயமாக அங்கே தாவ் டியன் பக்கம் குடியிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று அவன் லீவு போட்டான், அவனோடு வேலை பார்க்கும் வியட்நாம்காரப் பெண் ஒருவர் நானும் வருகிறேன் என்று தன் ஸ்கூட்டரோடு வந்து சேர்ந்துகொண்டார். அவர் வந்ததால்தான் அன்றைய நாள் நன்றாக அமைந்தது, இல்லாவிட்டால் நண்பன் என்னை ஏதாவது மாலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்திருப்பான்.

காலையில் முதலில் காபி. நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். டம்ளர் அடியில் டின் பால், மேலே சின்ன அலுமினிய ஃபில்டர், டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரைக்கும் தெருவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பிரேசிலுக்கு அடுத்து உலகத்திலேயே அதிகக் காபி விளைகிற நாடு இது, விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டா, அதனால் கசப்பு கொஞ்சம் தூக்கல். கும்பகோணத்துக்காரர்களுக்குப் பிடிக்குமா தெரியாது, ஆனால் ஐஸ் போட்டுக் கலக்கிக் குடித்தால் அந்தப் புழுக்கத்துக்கு அதைவிட வேறு எதுவும் இல்லை. அப்புறம் கேட்காமலே ஐஸ் போட்ட டீ ஒரு டம்ளர் வந்தது, அதற்குக் காசு கிடையாது.

சாலையைக் கடப்பது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பைக் வெள்ளம் நிற்கவே நிற்காது. ஓடக் கூடாது, பின்வாங்கக் கூடாது, ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் அவர்களே வளைந்து போய்விடுவார்கள். சென்னையில் இருபது வருஷம் ரோடு கடந்தவனுக்குப் பாடமா என்று நினைத்தேன், ஆனால் சென்னைப் பழக்கம்தான் அங்கே ஆபத்து, நாம் கையைக் காட்டிக்கொண்டு திடீரென்று பாய்வோம் இல்லையா, அது வேலைக்கு ஆகாது.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போடுவதை எல்லாம் வேகமாகப் பார்த்தோம். 1891இல் கட்டி முடித்த தலைமைத் தபால் நிலையம் அழகு. ஈஃபில் கட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரைந்தவர் ஃபூலூ என்ற வேறொரு பிரெஞ்சுக்காரர். எதிரே இருக்கும் தேவாலயத்தில் 2017லிருந்து மராமத்து வேலை. போர் நினைவு அருங்காட்சியகத்தில், போரின்போது அமெரிக்கப் படை காட்டின் மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நச்சால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்கள் இருக்கும் அறையில் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொண்டு போங்கள்.

மதியத்துக்கு அப்புறம் அந்தப் பெண், "உங்க ஊர் சாமி இங்கே இருக்கு, நான் ஸ்கூல்ல படிக்கும்போதிலிருந்து போறேன்" என்று நண்பனை முந்திக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவாங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் போன நம் ஆட்கள் கட்டியது. கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்தபோது சரி, சிங்கப்பூர் மாதிரி இன்னொரு கோயில் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் நம் முகம் ஒன்றுகூட இல்லை. ஊதுபத்தியும் பூவும் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள், ஆபீஸ் உடையில் வந்தவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கும்பிடுகிறவர்கள், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பாட்டிகள். நடுவில் மாரியம்மன், ஒரு பக்கம் மதுரை வீரன், இன்னொரு பக்கம் பேச்சியம்மன். எனக்கு அதுதான் ஆச்சரியம். பெரிய கோயில் சாமிகள் கடல் கடந்து போவது தெரிந்ததுதான், ஊர் எல்லையில் நிற்கிற மதுரை வீரனுக்கு சைகோனில் யாரோ ஒரு வியட்நாமிய அம்மா பத்தி ஏற்றுகிறார் என்றால் நம்ப நேரம் பிடிக்கிறது.

கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உதடு அசைய அசைய எதையோ சொல்லிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அம்மன் காதில் விழுமாம். பெயரும் வீட்டு முகவரியும் சொல்லிவிட்டு அப்புறம் வேண்டுதலைச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண், நாம் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்கிற மாதிரி. நான் திருச்சி முகவரியையே சொன்னேன். உங்கள் ஊரில் இந்த அம்மா என்ன கொடுப்பாள் என்று கேட்டார். மழை கொடுப்பாள், அம்மை வந்தால் குணமாக்குவாள் என்றேன். இங்கே பரீட்சை, வியாபாரம், குழந்தை வரம் என்றார். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. என் பேச்சால் இல்லை, மே முதல் நவம்பர் வரைக்கும் அங்கே சாயங்கால மழை வாடிக்கைதான். பைக்காரர்கள் எல்லாரும் ஓரம் கட்டி ரெயின்கோட்டை மாட்டினார்கள், ஹெட்லைட் வெளிச்சம் வர முன்னால் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

மழை விட்டதும் தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கும் போனோம். அங்கே ஆள் இல்லை, அமைதி. மீகாங் டெல்டாவின் நெல் நிலத்தை அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த செட்டியார்கள் ஒரு காலத்தில் இந்த ஊரில் பெரிய கை. 1930களில் அரிசி விலை விழுந்தபோது கடன் வாங்கிய விவசாயி நிலத்தை இழந்தான், அந்தக் கோபமும் இருந்தது. பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து குமாஸ்தாவாகவும் போலீஸாகவும் போனவர்கள் வேறு. டோங் யூ தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நன்றாக நடக்கிறது. கட்டியவர்களில் பெரும்பாலோர் 1975ஐ ஒட்டிக் கிளம்பிவிட்டார்கள். செட்டியார் முருகனை விட நம் கிராமத்து அம்மனைத்தான் ஊர்க்காரர்கள் தங்களுடையவளாக்கிக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது. அவளைக் கும்பிட யாரும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லையே.

திரும்பும்போது பென் தானிலிருந்து மெட்ரோ. 2024 டிசம்பரில்தான் திறந்தது, முதல் மூன்று ஸ்டேஷன் பூமிக்கடியில், அப்புறம் மேலே ஏறினால் 81 மாடிக் கட்டடம் ஜன்னல் பக்கமாகக் கடந்து போகும்.

போகிறவர்களுக்கு ஒன்று: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், தனித்தனி பாக்கெட்டில் வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் "சாய்" (டீ இல்லை, அவர்கள் மொழியில் சைவம்) என்று போர்டு போட்ட கடையைத் தேடுங்கள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்களே நிறையப் பேர் சைவம்தான். சீனர்கள் வாழும் சோலான் பகுதியில் இருக்கும் அவர்களின் தியென் ஹாவ் கோயிலுக்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை, போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்.