எலக்ட்ரான் பில்லிங் ஆப்: விண்டோஸ் 7 மெஷின்களை என்ன செய்யலாம்?

வணக்கம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் ஓடும் பில்லிங் ஆப் ஒன்று, எலக்ட்ரான் 4-இல் எழுதியது (வெப் பக்கத்தை டெஸ்க்டாப் ஆப்பாக ஓட்டும் கருவி). நோட்இன்டக்ரேஷன் (பக்கத்தின் ஸ்கிரிப்ட் மெஷினின் ஃபைல், புரோகிராம்களைத் தொட விடுவது) ஆன், கான்டெக்ஸ்ட்ஐசோலேஷன் (அந்த ஸ்கிரிப்டை ஆப்பின் உள்கோடிலிருந்து பிரித்து வைப்பது) ஆஃப். அந்தக் கால டிஃபால்ட்டே அதுதான்.

"லாரி குறிப்பு" கட்டத்தில் தட்டுவதை இன்னர்ஹெச்டிஎம்எல்லில் அப்படியே ஒட்டுகிறது, அதாவது தட்டியது பக்கத்தின் கோடாகவே ஆகிவிடும். சோதனைக்கு உடைந்த இமேஜ் டேக் போட்டு, ஆன்எரரில் (படம் வராவிட்டால் ஓடும் கோடு) சைல்ட்பிராசஸை (வேறு புரோகிராமைத் திறக்கும் நோட் மாட்யூல்) ரிக்வயர் செய்து கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னோம். பில்லைத் திறந்ததும் கால்குலேட்டர் வந்து நிற்கிறது! பிரவுசரில் என்றால் ஓட்டை அந்தப் பக்கத்தோடு போயிருக்கும், இங்கே மெஷினே போகும். குறிப்பு எல்லா மண்டிக்கும் சிங்க் ஆவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

தட்டியதை வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட்டுக்கு மாற்றியாச்சு. நோட்இன்டக்ரேஷனை அணைத்தால் எடை மெஷின் நிற்கிறது, அதன் சீரியல் போர்ட்டை ரெண்டரரே (பக்கத்தைக் காட்டும் பிராசஸ்) நேராகப் படிப்பதால். அதை மெயின் பிராசஸுக்கு (பின்னால் ஆப்பை நடத்துவது) நகர்த்தி, பக்கத்துக்குக் குறிப்பிட்ட ஃபங்ஷன்களை மட்டும் காட்டும் கான்டெக்ஸ்ட்பிரிட்ஜ் வழியே எடை படிக்க ஒன்று, பில் அடிக்க ஒன்று என இரண்டே ஃபங்ஷன் கொடுக்கிறோம். மெயினுக்கு எந்தச் செய்தியும் அனுப்பக்கூடிய ஐபிசிரெண்டரரை முழுசாகக் கொடுத்தால் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி.

மாட்டிக்கொண்டது இங்கே: பாதி மெஷின் விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசி எலக்ட்ரான் 22, அதற்கும் 2023 அக்டோபரோடு பேட்ச் நின்றுவிட்டது. எலக்ட்ரானுக்கு மாற்றான டாரிக்குப் போனாலும், அது பக்கம் காட்ட நம்பும் வெப்வியூ2 (விண்டோஸின் பிரவுசர் பாகம்) அங்கே 109-ஆம் வெர்ஷனைத் தாண்டாது.

எலக்ட்ரான் 22-இல் சாண்ட்பாக்ஸ் (பக்கம் மெஷினைத் தொடாமல் அடைத்து வைப்பது) போட்டு, வெளிப் பக்கம் எதையும் லோடு செய்யாமல், சிங்க்கை மெயினில் மட்டும் வைத்தால் இந்த சீசன் தாங்குமா? இல்லை, மெஷினையே மாற்றச் சொல்லிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.